காலையில் சொன்ன பதில்

கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பேன். கேட்காமலேயே என் பதிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாளே.

நினைத்ததில் ஓர் எழுத்துகூட முகத்துக்கு வரவில்லை. கை அதுபாட்டுக்கு டீயை ஆற்றிக்கொண்டிருந்தது.

"நேத்தே சொல்லிட்டேன் அண்ணி," என்றாள் அவளுடைய நாத்தனார். வீட்டில் எல்லோருக்கும் அவள் சிட்டு. ஈரத்தலையைத் துவட்டியபடி சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். "ஆஸ்பத்திரி மேடம்கிட்ட. எங்க அண்ணி டேட்டாபேஸ்ல புலி, மத்தியானம் அவங்களே உக்காந்து எல்லாம் விளக்குவாங்கன்னு."

"எனக்கு ஆபீஸ் இருக்கே."

"அரை நாள் லீவு போடுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சிட்டு சிரித்தாள். "உங்களைக் கேக்கணுமா? நீங்க எப்பவும் சரின்னுதானே சொல்வீங்க."

ஆற்றிய டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "சர்க்கரை கம்மி" என்று தம்ளரைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கோபப்படவும் முடியவில்லை. போன வருடம் ஒரு பெட்டியோடும் ஒரு கம்ப்யூட்டர் திரையோடும் வாசலில் வந்து இறங்கியபோது இதே சிட்டு, கொடுத்ததைக் குடித்தாள், போட்டதைச் சாப்பிட்டாள். டீயில் உப்பைப் போட்டுக் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பாள். சர்க்கரை கம்மி என்று குறை சொல்கிற சிட்டு திரும்பி வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. அந்தக் குறைக்காகவே இன்னொரு தம்ளர் டீ போடலாம்.

அவள் இன்னொரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கி மாடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அப்படியே ஆபீசுக்குப் போன் செய்து அரை நாள் லீவும் சொன்னாள்.

*

குடும்பத்துக்கு மூன்று மருந்துக் கடைகள். வீட்டோடு ஒட்டியிருந்த பெரிய கடையில் மாமியார். ஸ்டேஷன் கடையில் அவள் கணவன். பாலத்துக் கடைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். எந்த மருந்து எந்தக் கடையில் எத்தனை இருக்கிறது என்று ஜனங்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வதற்கு ஓர் ஆப் எழுதியவள் சிட்டு. புருஷன் வீட்டிலிருந்து வந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த மாதங்களில் உள்ளே உட்கார்ந்து அவள் எழுதியது அது.

ஆப்பில் குறை ஒன்றுமில்லை, மெதுவாக இருந்தது என்பதைத் தவிர. வந்தது, விற்றது, மிச்சம், காலாவதித் தேதி என்று வருடக்கணக்காகச் சேர்ந்த வரிகள் லட்சக்கணக்கில் இருந்தன. ஒரு மருந்தின் பெயரைக் கேட்டால் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்லும். அதற்குள் கேட்டவர் போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"இண்டெக்ஸ் போடு, சரியாயிடும்" என்று சொன்னது அவள்தான். பஸ் டிக்கெட் விற்கும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு அதுவே வேலை.

சிட்டுவும் போட்டாள். போன வாரம், டாக்டர்களின் கிளினிக்குகளெல்லாம் விட்டுக் கூட்டம் கடைக்கு வருகிற சாயங்கால நேரம் பார்த்துப் போட்டாள். இண்டெக்ஸ் கட்டி முடிக்கும்வரை புதிதாக ஒரு வரிகூட எழுத முடியாமல் மூன்று கடையிலும் பில் நின்றுபோயிற்று. வரிசை தெருவுக்கு வந்தது. "யாருடி அது கடையைப் பூட்டினது?" என்று கணவன் போனில் கத்தினான். பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று.

அதிலிருந்து இண்டெக்ஸ் என்ற வார்த்தைக்கே வீட்டில் தடை. சிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆப் பறந்தது. என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "கேச் போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சின்ன வெற்றியைக் கிளறிப் பார்க்க அண்ணிக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு அந்த ஆப்பைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். பிடித்துவிட்டால் வார்டுகளுக்கு வேண்டிய மருந்தை இந்தக் கடைகளில் எடுப்பார்கள். ஆப்பைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு சிட்டுவுக்கு. அவள் பெயரில், அவள் மட்டும் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தம்.

*

மத்தியானம் அவள் பெரிய கடைக்குப் போனபோது, மாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எறும்பு மையில காலை வச்சுட்டு ஊருக்குப் போன மாதிரி எழுதியிருக்காரு மனுஷன். வாம்மா. லீவு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க அத்தை. சிட்டு எங்க?"

"மேல. மூணு தடவை டிரெஸ் மாத்தியாச்சு. வர்றவங்க கம்ப்யூட்டரைப் பாக்க வர்றாங்களா, இவ சட்டையைப் பாக்க வர்றாங்களா?" குரலில் கிண்டல் இருந்தாலும் கண்ணில் இல்லை. "ஏம்மா, எனக்கு ஒண்ணு சொல்லு. அன்னிக்குக் கடையை நிறுத்துச்சே, அது ஒண்ணு. இப்ப போட்டிருக்கறது ஒண்ணு. ரெண்டும் ஆப்பை வேகமாக்கத்தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?"

அவள் சுற்றிப் பார்த்தாள். மாமியாருக்குப் பின்னால் சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து.

"இதோ, எழுத்து ஒட்டியிருக்கீங்களே, அதுதான் இண்டெக்ஸ். எல்லா இழுப்பறையையும் திறந்து தேடறதில்ல. எழுத்தைப் பாத்து நேரா அதுக்குப் போறீங்க. ஆனா திறந்து, உள்ளே இருக்கறதை எண்ணித்தான் பதில் சொல்றீங்க."

"சரி."

"கேச்னா, ஒருத்தர் கேட்டப்போ எண்ணிச் சொன்னதை ஞாபகம் வச்சுக்கறது. அடுத்து யாரு வந்து கேட்டாலும் இழுப்பறை பக்கமே போகாம, அதையே சொல்றது."

"அது இன்னும் வேகமாச்சே."

"ஆமா. எழுந்திரிக்கவே வேணாம்."

மாமியார் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "நடுவுல யாராவது வாங்கிட்டுப் போயிருந்தா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் படியேறி வந்தார். பஸ் டிரைவர் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். நடந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"அம்மா, இந்த சிரப்பு. பாலத்துக் கடையில ஆறு இருக்குன்னு இதுல போட்டிருந்துச்சு. அங்க போனேன். காலையிலயே தீந்துபோச்சுன்னாங்க." போனை நீட்டினார். "நானே தப்பா பாக்கறேனோ என்னவோ. எனக்கு இதெல்லாம் அவ்வளவா வராது. எம்பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு. அதுக்குத்தான் மருந்தும்."

வலிப்புக்குக் கொடுக்கிற மருந்து. அவள் போனை வாங்கிப் பார்த்தாள். பாலத்துக் கடை, ஆறு. பச்சை நிறத்தில், பளிச்சென்று, சந்தேகமே இல்லாமல்.

"நீங்க சரியாத்தான் பாக்கறீங்க," என்றாள்.

"பாப்பாவுக்குக் கடைசியா எப்பக் குடுத்தீங்க?" மாமியார் இதற்குள் எழுந்து நின்றிருந்தார்.

"காலையில. பாட்டில் காலி. ராத்திரிக்கு வேணும். நான் இப்ப வண்டி எடுக்கணும், எடுத்துட்டா திரும்ப நேரமாயிடும்."

"இதை ஒரு வேளைகூட விடக்கூடாது."

"தெரியும்மா. போன தடவை விட்டுத்தான்..." மாமியார் இழுப்பறையைத் திறந்தார்.

இழுப்பறை காலி. அவள் ஸ்டேஷன் கடைக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, இந்த சிரப்பு இருக்கா பாருங்க. ஸ்கிரீன்ல பாக்காதீங்க. எழுந்து போய் அலமாரியில பாருங்க. தொட்டுப் பாருங்க."

"தொட்டா போதுமா, முத்தம் கொடுக்கணுமா?" என்றான் கணவன். ஆனாலும் எழுந்து போகும் சத்தம் கேட்டது. "ரெண்டு இருக்கு."

"ஒண்ணைக் கையில எடுத்துக்குங்க. யாருக்கும் குடுத்துடாதீங்க. வண்டியில உடனே ஆளை அனுப்புங்க, பெரிய கடைக்கு."

"என்னாச்சு?"

"அப்புறம் சொல்றேன்."

டிரைவர் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மாமியார் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "ஆப்பு நல்லாத்தாம்மா இருக்கு. முன்னெல்லாம் மூணு கடைக்கும் அலையணும்," என்றார், இரண்டாவது கடையில் உட்கார்ந்துகொண்டு. அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மருந்து வந்தது. அவர் பாட்டிலை உள்பையில் வைத்து, சட்டையின் மேல் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டு ஓடினார்.

"நடுவுல வாங்கிட்டுப் போயிருந்தா என்னன்னு கேட்டேன். பதில் நடந்தே வந்துடுச்சு," என்றார் மாமியார். கொஞ்ச நேரம் கல்லா மேசையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "ஏம்மா. இதை இன்னிக்கு அவகிட்ட சொல்லாதே. நாளைக்குச் சொல்லிக்கலாம். இன்னிக்கு ஒரு நாள் சிரிச்சிட்டுப் போகட்டும்."

மாமியார் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். சிட்டு புருஷன் வீட்டில் இருந்த வருடங்களில், ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமியார் போன் செய்வார். "நல்லா இருக்கேம்மா" என்பாள் சிட்டு. வாரம் முழுக்க யார் விசாரித்தாலும் "நல்லா இருக்கா" என்று மாமியார் அதையே எடுத்துக் கொடுப்பார். தன் கணவன் கேட்டால் அவளும் அதையேதான் சொல்வாள். பதில் உடனே கிடைத்தது. யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமையோ வியாழக்கிழமையோ யாராவது நேரில் போய் அந்தக் கதவைத் தட்டியிருந்தால்...

அந்த நினைப்பை அவள் அங்கேயே விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள்.

*

சிட்டு ஒரு காலை மடித்து நாற்காலியில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் இருந்தாள். நீலச் சட்டை. மூன்றாவது தடவை மாற்றியது இதுவாகத்தான் இருக்கும். காலரில் ஒரு மடிப்பு நிமிர்ந்து நின்றது.

"வாங்க, வாங்க. இதைப் பாருங்க." ஒரு மருந்தின் பெயரைத் தட்டினாள். விரல் எடுக்குமுன் மூன்று கடைகளின் எண்களும் வந்து நின்றன. "எப்படி? கண்ணைச் சிமிட்டக்கூட விடாது."

அவள் அந்தக் காலரை மடித்துவிட்டாள். "ஒரு பதிலை எவ்வளவு நேரம் வச்சிருக்கே?"

"என்னது?"

"ஒரு தடவை தேடினா, அந்தப் பதிலை எவ்வளவு நேரத்துக்கு மாத்தாம வச்சிருக்கே?"

"கொஞ்ச நேரம்தான்."

"சிட்டு."

சிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "பத்து நிமிஷம்தான் வச்சிருந்தேன் அண்ணி. நிஜமா. ஆனா பத்து நிமிஷம் முடிஞ்சதும் அது மறுபடி முழுசையும் தேடப் போகுது. சரியா அந்த நேரத்துல மேடம் கேட்டாங்கன்னா? வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும், நான் இளிச்சிக்கிட்டு நிக்கணும். அதான் இன்னிக்கு மட்டும், காலையில எல்லா மருந்தையும் ஒரு தடவை தேட வச்சு, நாள் பூரா அதையே சொல்லுன்னு விட்டுட்டேன்."

மாமியார் கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. ஆனாலும் சொன்னாள். டிரைவரைப் பற்றி, பாலத்துக் கடையின் ஆறைப் பற்றி, என்ன மருந்து என்பதைப் பற்றி. குரலைத் தாழ்த்தியே சொன்னாள்.

"கிடைச்சுதா?" சிட்டுவிடமிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"கிடைச்சுது. உங்க அண்ணன் அனுப்பினாரு."

சிட்டு மூச்சை விட்டாள். திரும்பி ஏதோ வேகமாகத் தட்டினாள். "அந்த மருந்தோட பதிலை அழிச்சுட்டேன். இனிமே அது நிஜத்தைத்தான் காட்டும்."

"மத்ததெல்லாம்?"

"மேடம் போனதும் எடுத்துடறேன்."

"இப்பவே எடுத்துடு. மெதுவாவே காட்டலாம். ராத்திரி கடை சாத்தினதும் நான் கூட உக்காந்து இண்டெக்ஸ் போட்டுத் தர்றேன். எழுதறதை நிறுத்தாம ஓரமா கட்டிக்கிற வழி ஒண்ணு இருக்கு. நேரம் நிறைய ஆகும், ஆனா பில் நிக்காது. அன்னிக்கே அதை உனக்குச் சொல்லியிருக்கணும் நான்."

"நீங்க சொல்லலைன்னாலும் நான் தேடிப் பாத்திருக்கணும்."

"சரி, ரெண்டு பேரும் முட்டாள். கேச்சும் வச்சுக்கோ, வேணாம்னு சொல்லலை. மருந்தோட படம், குறிப்பு, கடை திறக்கிற நேரம், அதெல்லாம் அதுல கிடக்கட்டும். அது மாறாது. எத்தனை இருக்குங்கறதை மட்டும் அதுல வைக்காதே. அது நீயும் நானும் பேசறதுக்குள்ளயே மாறிடுது."

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறீங்க?" சிட்டு நகத்தால் மேசை விளிம்பைச் சுரண்டினாள். "எல்லாம் தெரியும் அண்ணி. ஆனா இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள இண்டெக்ஸ் ரெடியாகாது. மெதுவா காட்டினா மேடம் போயிடுவாங்க. அந்த வீட்டுக்காரம்மா நாளைக்குப் பதில் வேணும்னுட்டாங்க."

தனியாகப் போய் இருக்க வாடகைக்குக் கேட்டிருந்த அந்த வீட்டை அவளுக்கு மட்டும்தான் சிட்டு காட்டியிருந்தாள். ஒரே அறை. சமையலறையின் நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் எட்டும். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. சிட்டு அந்தத் தொட்டியைக் கடலைப் பார்ப்பதுபோல நின்று பார்த்தாள்.

"வேலைன்னு ஒரு காகிதம் இருந்தாத்தான் குடுப்பாங்களாம். அண்ணன் கடையில உதவி பண்றேன்னா, அது வேலையில்லையாம்."

"இங்க உனக்கு என்ன குறை?" கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

"ஒரு குறையும் இல்ல. அதான் குறை." சிட்டு சிரிக்கப் பார்த்தாள். "எல்லாரும் என்கிட்ட மெதுவா பேசறீங்க. காய்ச்சல்காரி ரூம்ல நடக்கற மாதிரி நடக்கறீங்க. என்னைக் கண்டா அண்ணன் டிவி சத்தத்தைக் குறைக்கறாரு. இன்னிக்குக் காலையில சர்க்கரை கம்மின்னேன், நீங்க மாடி ஏறி வந்து வேற டீ வச்சுட்டுப் போறீங்க. திட்டியிருக்கலாம்ல? எனக்கு ஒரு கதவு வேணும் அண்ணி. நான் படார்னு சாத்தினாலும், என்னாச்சு என்னாச்சுன்னு யாரும் ஓடி வராத கதவு."

திட்டியிருக்கலாம்தான்.

"மேடம் முன்னாடி நர்ஸா இருந்தவங்க," சிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க கேக்கப் போறது ஒரே கேள்வி. இது இப்ப இருக்கற எண்ணிக்கையான்னு. நான் சொன்னா, விக்க வந்தவ சொல்றான்னு ஆயிடும். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ராத்திரி நீங்களே இண்டெக்ஸ் போட்டுடுவீங்க, நாளைக்கு அது நிஜமாயிடும். பொய்யே இல்ல அண்ணி. நிஜத்தை ஒரு நாள் முன்னாடி சொல்றோம், அவ்வளவுதான்."

எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள் என்று தோன்றியது. போன வருடம் வாயைத் திறக்காதவள்.

முடியாது என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. எதற்காக முடியாது? மருந்து கிடைக்காமல் அலைகிறவர்களுக்காகவா? இல்லை, இவள் அந்தத் தண்ணீர்த் தொட்டி ஜன்னலுக்குப் போய்விடுவாள், காலையில் என் டீயைக் குறை சொல்ல ஆளிருக்காது என்பதற்காகவா? தன்னையே திறந்து பார்க்காமல் இவளுக்குப் பதில் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.

அந்த மௌனத்தை சிட்டு எடுத்துக்கொண்டாள். சட்டென்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தெரியும் எனக்கு. என் செல்ல அண்ணி."

"நான் இன்னும்..."

"ஏண்டி, கீழ வா!" மாமியாரின் குரல் படியேறி வந்தது. "வந்துட்டாங்க!"

*

கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், மருந்துப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி அதிகாரி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். சட்டைப் பையில் பேனாவைக் கொக்கி வெளியே தெரிய மாட்டியிருந்தார். உட்காரும்போது நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி இழுத்தார். ராத்திரி வார்டில் பழகிய கை.

சிட்டு பக்கத்தில் உட்கார்ந்து திரையைத் திருப்பி வைத்தாள். அவர் ஒரு மருந்தின் பெயர் சொன்னார். சொல்லி முடித்ததும் பதில் நின்றது. இன்னொன்று சொன்னார். வேண்டுமென்றே அதிகம் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னார். அதுவும் வந்தது.

"நல்ல வேகம்," என்றார். "போன மாசம் ஒருத்தர் கொண்டுவந்து காட்டினாரு. பதில் வர்றதுக்குள்ள நான் ரெண்டு போன் பேசிட்டேன்."

சிட்டுவின் முகத்தை அவள் பார்த்தாள். உதட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பு கண் வழியாக வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மேடையில் நிற்பதுபோல, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தாள். இந்த முகத்தை அவள் பழைய புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறாள்.

வாசலில் மாமியார், உள்ளே வருவதா வேண்டாமா என்று டீத் தட்டோடு நின்றிருந்தார். அவரும் மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவைக் கையில் எடுத்தார், ஆனால் எழுதவில்லை. "நான் வார்டுல இருந்தப்போ ராத்திரி ஒரு ஊசி மருந்து வேணும்னா, நாலு கடைக்குப் போன் போடுவோம். இருக்குன்னு சொல்வாங்க. ஆளை அனுப்புவோம். போனா இருக்காது. அவன் வெறுங்கையோட திரும்பி வர்ற வரைக்கும் நாங்க அந்த நோயாளியோட முகத்தைப் பாத்துக்கிட்டு நிப்போம். இல்லைன்னு முதல்லயே சொல்லியிருந்தா வேற கடைக்கு அனுப்பியிருப்போமே. இருக்குன்னு சொன்னதுதான் கெடுத்துச்சு." திரையைப் பேனாவால் தொட்டார். "அதனால எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இங்க பன்னெண்டுன்னு காட்டுது. இந்த நிமிஷம் அந்த அலமாரியில பன்னெண்டு இருக்கா?"

"அதை எங்க அண்ணி சொல்வாங்க மேடம்," என்றாள் சிட்டு. குரலில் நடுக்கம் இல்லை. அவ்வளவு நம்பிக்கை. "டேட்டாபேஸ் விஷயத்துல எனக்கே சொல்லிக் குடுத்தவங்க."

மேசைக்கு அடியில் சிட்டுவின் கை வந்து அவள் கையைத் தேடிப் பிடித்தது. சின்ன வயதில் ஊசி போடும்போது பிடிக்கிற பிடி.

அவள் உள்ளே ஒரு முறை பார்த்துக்கொண்டாள். இவள் போகக்கூடாது என்கிற ஆசை அங்கே இருந்தது. இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. நானே தப்பா பாக்கறேனோ என்னவோ என்று தன்மீதே பழியைப் போட்டுக்கொண்ட ஒரு மனிதரின் குரலும் இருந்தது. ராத்திரி ஆளை அனுப்பிவிட்டுக் காத்து நிற்கப் போகிற ஏதோ ஒரு நர்ஸும் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்த பிறகு, எந்தப் பதில் தன்னுடையது என்பதில் குழப்பம் இல்லை.

வாசலிலிருந்து மாமியார் அவளைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார்.

எல்லோரும் அவளுடைய ஆமாவுக்காகத்தான் காத்திருந்தார்கள். காத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. சிட்டு அடுத்த பக்கத்தைக் காட்ட மவுஸை ஏற்கனவே நகர்த்தியிருந்தாள்.

அவள் அந்தக் கையை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள். குரல் உயரவில்லை. "இது காலையில எண்ணினது. இப்ப எத்தனை இருக்குன்னு இதுக்குத் தெரியாது."

டீத் தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அதிகாரியின் பேனா திரையின் மேல் அப்படியே நின்றது. அவள் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கைக்குள் இருந்த விரல்கள் பிடிப்பை விட்டிருந்தன. ஆனால் இன்னும் விலகிப் போகவில்லை.